மகரக்கட்டு

1

போன ஆவணியில் அக்கா மகன் எனக்கு வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினான். ஒரு நிமிடம் பதினொரு நொடி. முதல் நாற்பது நொடி நன்றாகவே போகிறது. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் சட்டென்று இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி பழைய பையன், இன்னொரு பாதி யாரோ ஒரு பெரிய ஆள். அங்கேயே நிறுத்திவிட்டு "ச்சை" என்கிறான். அந்தச் "ச்சை"யைக்கூட வெட்டாமல் அனுப்பியிருந்தான். கீழே ஒரே ஒரு வரி: "மாமா, இத வச்சு எந்தக் காலேஜ்ல சீட் குடுப்பாங்க?"

அவனுக்குப் பதினாறு வயது. திண்டுக்கல்லில் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஊரடங்குக் காலத்தில் ‘ஹாமில்டன்’ நாடகத்தின் படப்பதிவைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம். பாடி, ஆடி, நடிக்கச் சொல்லித்தருகிற படிப்பில்தான் சேர வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘மியூசிக்கல் தியேட்டர்’ என்று தனி இளங்கலைப் பட்டமே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் முதலில் வீடியோ அனுப்ப வேண்டும்: குணத்தில் எதிரெதிரான இரண்டு பாட்டு, ஒரு தனிவசனம், கொஞ்சம் நடனம். அதில் தேறினால் நேரில் தேர்வு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்களில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடித் தேர்வு நடத்துகின்றன. அங்கே பிள்ளைகளை இதற்குத் தயார்செய்வதற்கென்றே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பாட்டின் எந்தப் பதினாறு தாளக்கட்டை வெட்டி எடுத்துப் பாடினால் குரல் நன்றாகத் தெரியும் என்று சொல்லித்தரக்கூட ஆள் உண்டு.

வேலைப் பழக்கம், ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று போட்டேன். விமான டிக்கெட், கல்லூரிக் கட்டணம் எல்லாம் கூட்டி வந்த தொகையை அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு அது தேவையும் இல்லை. அவள் ஏற்கெனவே முடிவுக்கு வந்திருந்தாள். "டேய் தம்பி, நீ சொன்னா கேப்பான். மொதல்ல இஞ்சினியரிங் முடிக்கட்டும், அப்புறம் என்னவேணா பண்ணட்டும்னு சொல்லு." இஞ்சினியரிங் முடித்துவிட்டு அப்புறம் என்னவேண்டுமானாலும் பண்ணியதற்கு எங்கள் குடும்பத்தில் உள்ள ஒரே எடுத்துக்காட்டு நான். பகலில் கோடு, ராத்திரியில் கட்டுரை.

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. காரணம் பணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி ஆண்டுவிழாச் சேர்ந்திசைக்கு நான் முதல் வரிசையில் நின்றேன். ஒத்திகையில் மூன்று நாள் தொடர்ந்து என் குரல் தனியாகத் தெறித்துக்கொண்டு வந்தது. நான்காம் நாள் பாட்டு வாத்தியார் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். வாயை அசைத்தேன். அதற்குப் பிறகு எங்கும் பாடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு முப்பது பிள்ளைகளும் ஒரு வாரமும்தான் இருந்தது. ஆனால் அக்கா மகனின் "ச்சை" எனக்குப் புரிந்த அளவு வீட்டில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

எனக்கு நடந்ததற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியவந்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. மகரக்கட்டு. பழைய பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் புழங்கிய சொல். பதின்ம வயதில் குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் இந்த அளவு இல்லை. இறங்கி முடிக்கிற வரையுள்ள மாதங்களில் குரல் எந்தப் பக்கம் போகும் என்று அந்தப் பையனுக்கே தெரியாது. அது ஒரு நோயல்ல; வளர்ச்சி. ஆனால் பாட்டை நம்பிப் பிழைத்த ஒரு கம்பெனிக்கு அது கையில் இருந்த முதல் கரைவது மாதிரி.

பாடி நடிக்கும் கலையை நாம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தோம் என்று எழுதியவர்களும் படமெடுத்தவர்களும் அந்த மாதங்களை எப்படிக் கடக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியோடு சில புத்தகங்களையும் ஒரு படத்தையும் திரும்பப் பார்த்தேன். நாங்கள் ஒரு மென்பொருளை எல்லாம் சரியாக ஓடுகிற நாளை வைத்து மதிப்பிடுவதில்லை. எதிர்பாராதது வரும்போது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு கலைப்பள்ளியையும் அது உருவாக்கிய நட்சத்திரங்களை வைத்து மதிப்பிடக் கூடாது, குரல் உடைந்த பையனை அது என்ன செய்தது என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

2

முதலில் டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. தமிழ் நாடகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் வந்து நிற்கிற புத்தகம்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்கவில்லை, அதனால் பையன்களை வைத்து ஆரம்பித்தார் என்பார்கள். அதே ஆண்டு சண்முகம் தன் சகோதரர்களோடு அதில் சேர்ந்தார். அவருக்கு வயது ஆறு. அந்தச் சிறுவர்களுக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்த கதை இந்தப் புத்தகத்தால்தான் நம் எல்லோருக்கும் தெரியும்.

பாய்ஸ் கம்பெனியைப் பொறியாளன் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசை வரை பாட்டு போய்ச் சேர வேண்டும். சிறுவர்களின் உயர்ந்த குரல் அதற்குத் தோதானது. ஐந்து கட்டைச் சுருதியில் எடுத்தால் தடையில்லாமல் போகும். அதே பையனுக்கு மீசை அரும்பாததால் பெண்வேஷமும் கட்டும். ஒவ்வொருவனும் தன் வேஷத்தை மட்டுமல்ல, மற்றவர் வேஷத்தையும் பாடம் பண்ணியிருப்பான். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் ஏறுவான். சாப்பாடு, தங்கல், பாடம், அடி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இத்தனை பொருத்தமும் ஒரு பையனின் குரல்வளை வளராமல் இருக்கும் வரைக்கும்தான்.

வளர்ந்த பிறகு? ஏணி ஒன்று இருந்தது. பாலபார்ட்டிலிருந்து ஸ்திரீபார்ட், அங்கிருந்து ராஜபார்ட். குரல் தேறி வந்தவன் ஏறினான். தேறாதவன் கள்ளபார்ட்டுக்கோ, பபூனுக்கோ, திரை இழுக்கவோ, ஊருக்கோ போனான். கடைசியாகச் சொன்னவர்கள் புத்தகம் எழுதவில்லை.

சண்முகத்தின் புத்தகத்தின்மேல் எனக்கு இருக்கிற மரியாதையைக் குறைத்துக்கொள்ளாமலே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது 1912 ஏப்ரல். சகோதரர்கள் சேர்ந்து ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கியது 1925 மார்ச். அதாவது அவருக்குப் பதிமூன்று முடிவதற்கு முன்பே கம்பெனி அவர்களுடையதாகிவிட்டது. குரல் எப்படி ஆனாலும் அவரை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பாய்ஸ் கம்பெனி வாழ்க்கைக்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய சாட்சியம், அந்த வாழ்க்கையின் மிக ஆபத்தான வளைவைச் சொந்த வண்டியில் கடந்தவருடையது. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவருடைய குருபக்தியைப் படிக்க வேண்டும். அடித்து வளர்த்த ஆசிரியரை நன்றியோடு நினைப்பவர், அந்த அடியைத் தாங்கி மேலே வந்தவர். மற்றவர்களின் நன்றியோ வசையோ நமக்குக் கிடைக்கவில்லை.

இதே சண்முகம் பின்னாளில் எந்த வேஷத்தால் பெயர் பெற்றார் என்று பாருங்கள். ஔவையார். முப்பதுகளில் இருந்த ஒரு ஆண், கிழவியாக நடித்து, அந்தப் பெயரே அடைமொழியாகி ‘ஔவை சண்முகம்’ ஆனார். சிறுவனின் தேன்குரலுக்கு அங்கே வேலையே இல்லை. என்.எஸ். கிருஷ்ணன் அதே சபைக்குள் வந்தபோது பதினாறு பதினேழாவது ஆகியிருக்கும். அவர் 1908-ல் பிறந்தவர், சபையோ 1925-ல் பிறந்தது. கம்பெனிக் கணக்கில் அது தாமதமான வயது. அவருக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது, அந்த இடத்திலிருந்து தமிழ் நகைச்சுவையே மாறியது. ஆக, உடைந்த குரலுக்கு இடம் கொடுக்க அந்த அமைப்பால் முடிந்தது. எல்லாக் கம்பெனியும் எல்லாப் பையனுக்கும் கொடுத்ததா என்பதுதான் கேள்வி.

இன்னொரு வேடிக்கை. பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்த இரண்டு பெரிய பெயர்கள் எம்.ஜி.ஆர்., சிவாஜி. பாட்டுதான் உயிர் என்றிருந்த பள்ளியில் படித்த இருவரும் சினிமாவில் தங்கள் பாட்டைத் தாங்கள் பாடவில்லை. டி.எம்.எஸ். பாடினார், இவர்கள் வாயசைத்தார்கள். என் வாத்தியார் எனக்குத் தண்டனையாகச் சொன்னதை இவர்கள் பெரிய கலையாக ஆக்கிவிட்டார்கள். சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. கம்பெனி கற்றுக்கொடுத்த நிற்பது, நடப்பது, சொல்லை உச்சரிப்பது, மூச்சை எங்கே எடுப்பது என்பதெல்லாம் குரலை விட நீண்ட நாள் நின்றது. ஆனால் அந்தக் கல்விக்கு வாழ்வு கொடுத்தது கம்பெனியல்ல. பின்னணிப் பாட்டு என்கிற தொழில்நுட்பம். அது பத்து இருபது ஆண்டு தள்ளி வந்திருந்தால் கதை வேறு.

எங்கள் பக்கத்து ஆள் டி.ஆர். மகாலிங்கம் எதிர்த்திசையில் ஓர் உதாரணம். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் சோழவந்தானை ஒட்டிய தென்கரைக்காரர். 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் பாலகிருஷ்ணன். 1945-ல் ‘ஸ்ரீவள்ளி’யில் முருகன். இடையில் உள்ள ஏழு வருடத்தில் மகரக்கட்டைத் தாண்டி, மேலே நிற்கிற ஒரு குரலோடு வெளியே வந்தார். நம் ஊரில் பாட்டு ஆசையுள்ள பையன்களிடம் பெரியவர்கள் சொல்கிற கதை எப்போதும் மகாலிங்கத்தினுடையது, கிட்டப்பாவினுடையது. அப்படி நடப்பது எத்தனை அபூர்வம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

3

வசந்தபாலனின் ‘காவியத் தலைவன்’ 2014-ல் வந்தது. ஜெயமோகன் வசனம், ரஹ்மான் இசை. சங்கரதாஸ் சுவாமிகளை நினைவூட்டும் சிவதாஸ் சுவாமிகளாக நாசர். அவரிடம் வளர்கிற காளியப்பனாக சித்தார்த், கோமதி நாயகமாக பிருத்விராஜ். வந்தபோது பெங்களூரில் கால்வாசி நிறைந்த தியேட்டரில் பார்த்தேன், பிடித்திருந்தது. இந்த முறை அக்கா மகனோடு திண்டுக்கல் வீட்டில் மடிக்கணினியில் பார்த்தேன்.

சூரபத்மன் வேஷம் யாருக்கு என்று குரு இருவரையும் நடிக்கவைத்துப் பார்க்கும் காட்சி படத்தின் உயிர். கோமதி பாடம் பண்ணியதைச் சுத்தமாகச் செய்கிறான். காளியப்பன் அந்த ஆளாகவே மாறுகிறான். தேர்வில் தோற்றவனின் முகத்தில் தொடங்கும் பொறாமைதான் மீதிப் படம். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். அக்கா மகன் அந்தக் காட்சியை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். இரண்டாம் தடவை முடிந்ததும் கேட்டான்: "மாமா, சின்னப் பசங்களா வந்தவங்க எப்ப இவ்ளோ பெருசானாங்க?"

அவன் கேட்டதுதான் விமர்சனம். சிறுவர்களாகக் கம்பெனிக்குள் வருகிறவர்கள் ஒரே பாய்ச்சலில் முழு நடிகர்களாக நிற்கிறார்கள். பயிற்சியின் கதையாகத் தோற்றம் தரும் படம், பயிற்சியின் மிக இக்கட்டான ஐந்து வருடத்தைத் தாண்டிக் குதிக்கிறது. அதனால் திறமை என்பது பிறவிக்குணமாகிவிடுகிறது. காளியப்பனுக்கு வரும், கோமதிக்கு வராது, அவ்வளவுதான். குரு என்பவர் கற்றுத்தருகிறவராக இல்லாமல் தீர்ப்புச் சொல்கிறவராக மாறிவிடுகிறார். கோமதிக்கு எங்கே தடுக்கிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று சிவதாஸ் சுவாமிகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிஜ வாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளும் இதே இலக்கணத்தில்தான் ஓடுகின்றன. சிறுவர்களுக்கு ஒரு பதிப்பு, பெரியவர்களுக்கு ஒரு பதிப்பு. நடுவில் குரல் உடைகிற வயதுக்கு ஒரு பதிப்பு கிடையாது. எட்டு வயதில் நாடே கொஞ்சிய பிள்ளை பதினான்கு வயதில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. அமெரிக்கக் கல்லூரித் தேர்வைப் பற்றிப் படித்தபோதும் அதே நினைப்புதான் வந்தது. அங்கே நான்கு வருடம் சொல்லித்தரத்தான் செய்கிறார்கள். ஆனால் பதினேழு வயதில் வீடியோவில் ஏற்கெனவே தயாராக நிற்கிற பிள்ளைக்குத்தான் அந்தக் கதவு. தயாராவதற்கான செலவு பெற்றோர் தலையில். பாய்ஸ் கம்பெனி பிள்ளையைச் சீக்கிரமே எடுத்துக்கொண்டு குரல் போனதும் கைவிட்டது. இந்தக் கல்லூரிகள் குரல் நிலைத்த பிறகு வா என்கின்றன. இரண்டுக்கும் நடுவில் என் அக்கா மகன் நிற்கிறான்.

4

அக்காவின் பயம் குரலைப் பற்றியது இல்லை. "நம்ம வீட்ல யாரும் கூத்தாடிப் பொழைக்கல" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிறகு அப்படிச் சொன்னதற்கு அவளே வருத்தப்பட்டாள்.

அந்த ஒரு வாக்கியத்தைத் தலைமுதல் கால்வரை ஆராய்ந்த புத்தகம் சூசன் சைஸரின் ‘ஸ்டிக்மாஸ் ஆஃப் த தமிழ் ஸ்டேஜ்’. 2005-ல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதிய மானுடவியல் ஆய்வு. மேடையில் ஆடுகிற பெண்ணுக்கு மேடைக்கு வெளியே ஒட்டிக்கொள்கிற இழிபெயர், அதைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த வழிகள், நாடகத்துக்குப் போய்வருகிற வழியில்கூடக் கண்ணில் படாமல் போகிற ஏற்பாடுகள் என்று பக்கம் பக்கமாக வருகிறது. நடிகர்களை இரக்கத்துக்குரியவர்களாக ஆக்காமல், ஒவ்வொரு நாளும் தங்கள் மரியாதையைத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்களாகக் காட்டியதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது: இப்போது குடும்பத்தில் நடக்கிற இந்த வாக்குவாதம், அக்காவுக்கு மகனுக்குப் பதில் மகள் இருந்திருந்தால் தொடங்கியிருக்கவே செய்யாது. ஸ்ப்ரெட்ஷீட் வரைக்கும் விஷயம் வந்திருக்காது.

அதற்குப் பதிலாக ஒன்றைக் கட்டிப் பார்த்தவர் பெ. ராஜகோபால். தெருக்கூத்து நடிகர். பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு அப்பாவின் குழுவில் சேர வேண்டிவந்தவர். தனக்கு நடந்தது அடுத்த பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது என்று ஹன்னே டி ப்ரூயினோடு சேர்ந்து காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார். பள்ளிப்பாடம் ஒரு பக்கம், கூத்து ஒரு பக்கம். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலைக்குள் பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்தார். கலையா படிப்பா என்று ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாததுதான் அந்தப் பள்ளியின் சாதனை. 2020-ல் அந்த உறைவிடப் பள்ளி மூடப்பட்டது.

எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு நாள் வந்தது. மதுரை ரோட்டில் சின்னாளப்பட்டியைத் தாண்டுகிற எல்லோரும் காந்திகிராமத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே 1977-ல் சே. இராமானுஜத்தின் முயற்சியில், தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு எழுபது நாள் நாடகப் பயிலரங்கு நடந்தது. தமிழ் நவீன நாடகத்தின் பல தொடக்கங்களை அதோடு சேர்த்துப் பேசுவார்கள். குழந்தைகள் நாடகத்துக்காகவும் இராமானுஜம் நிறைய உழைத்தவர். இன்று அந்த வழியில் போகிற பிள்ளைக்குத் தேசிய நாடகப் பள்ளியில் சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கேயும் முதுகலைக்குத்தான் நாடகம். ஆறு வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டவரின் பெயரில் உள்ள பள்ளிக்கு இருபத்தோரு வயதில்தான் போக முடியும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு வயதில் பிள்ளையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கிற காலம் போனது நல்லதுதான். ஆனால் இடையிலுள்ள வருடங்களுக்கு யார் பொறுப்பு?

5

பங்குனியில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ போட்டார்கள். அக்காவிடம் கெஞ்சி அவனைக் கூட்டிப்போனேன். "பரிச்சை முடிஞ்சுருச்சுல்ல, போய்த்தொலைங்க" என்றாள்.

ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ‘ஸ்பெஷலாக’ப் பேசி அழைக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் சந்தித்து, விடியும் வரை ஆடிவிட்டுப் பிரிகிறார்கள். கதை எல்லோருக்கும் பாடம். பாட்டும் தர்க்கமும் அவரவர் கையிருப்பு. அமெரிக்கத் தேர்வில் பதினாறு தாளக்கட்டு பாடிக்காட்ட வேண்டும். இங்கே ஏழு மணி நேரம், எதிரில் யார் என்ன கேட்பார் என்று தெரியாமல்.

நள்ளிரவு தாண்டி நாரதர் வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். முதல் பாட்டில் மேலே போன இடத்தில் குரல் கிழிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது, பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. நாரதர் நிறுத்தவில்லை, வசனத்துக்குப் போனார், வள்ளியை வம்புக்கு இழுத்தார், கூட்டம் சிரித்தது. அடுத்த பாட்டு சுகமாக வந்தது. அக்கா மகன் என் கையைப் பிடித்தான். "மாமா, பெட்டிக்காரர் சுருதிய எறக்கிட்டாரு. அவரு கேக்கவே இல்ல, இவரா எறக்கிட்டாரு." எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. வள்ளி பாட வந்தபோது மறுபடி ஏற்றினார் என்று அதையும் சொன்னான். அதற்குப் பிறகு விடியும் வரை அவன் மேடையைப் பார்க்கவில்லை, ஆர்மோனியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் டீக்கடையில் அவரைப் பிடித்துவிட்டான். "அய்யா, நாரதருக்கு எத்தனை கட்டை எறக்குனீங்க?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே இவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கட்டை. யாருகிட்டயும் சொல்லாத" என்று சிரித்தார். பாடுவியா என்றார். முன்னாடி பாடினேன் என்றான். ஒரு வரி பாடச் சொன்னார். அவன் பழைய பழக்கத்தில் மேலே எடுத்தான், உடைந்தது. பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வயசுல அஞ்சு கட்டைக்கு ஏன் போற? ஒன்னரைல நில்லு. வலிச்சா நிறுத்திரு. பாடாம மட்டும் இருந்துராத."

"எப்ப சரியாகும்?"

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? எனக்கும் போச்சு. ராஜபார்ட் ஆகணும்னு வந்தவன்தான் நானும். எவனும் காத்திருக்கல. வயித்துப்பாட்டுக்குப் பெட்டிக்கு வந்துட்டேன்."

பஸ் வந்துவிட்டது. இந்தக் கடைசி வரியை மட்டும் யாராவது சினிமாவாக எடுத்தால் பெட்டிக்கு வந்ததை வெற்றியாகக் காட்டுவார்கள், பின்னணியில் வயலின் வரும். அவர் சொன்ன தொனியில் வெற்றி ஏதும் இல்லை. ராத்திரி முழுக்க அடுத்தவர் குரல் விழாமல் தாங்கிப்பிடித்த ஒரு மனிதர், தன்னுடையதை யாரும் தாங்கவில்லை என்று சொன்னார். நான் மூன்று மாதமாகப் புத்தகங்களில் தேடிய சாட்சியம், புத்தகம் எழுதாதவரின் சாட்சியம், அதுதான்.

6

இப்போதைய நிலவரம். அமெரிக்கா இல்லை. அதை அவனே கைவிட்டான். என் ஸ்ப்ரெட்ஷீட்டை எப்படியோ பார்த்துவிட்டான். பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையிலோ திருச்சியிலோ இலக்கியம் படிப்பது, அதற்குள் கிடைக்கிற நாடகக் குழுக்களில் சேர்வது, பிறகு புதுச்சேரி அல்லது டெல்லி. அக்கா சம்மதித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. எண்பது சதவீதத்துக்குக் கீழே மார்க் போனால் பேச்சு முடிந்தது என்றிருக்கிறாள். இரண்டாவது ஞாயிறுகளில் அவன் வேடசந்தூருக்கு பஸ் ஏறுகிறான். பெட்டிக்காரர் காசு வாங்குவதில்லை, ஆனால் நேரத்துக்கு வரவில்லை என்றால் திட்டுகிறார்.

பிள்ளையைக் கலைக்குத் தயார்செய்வது என்று கேட்டால் நம் ஆட்கள் உடனே வகுப்பு, போட்டி, சான்றிதழ் என்று பட்டியல் போடுவார்கள். நானும் போட்டேன். இவ்வளவையும் படித்துப் பார்த்த பிறகு எனக்கு மிச்சமிருப்பது ஒன்றுதான். உடைகிற வருடங்களில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். சுருதியை இறக்கிக்கொடுக்கத் தெரிந்த ஆள், இறக்கியதை நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டாத ஆள். சுவாமிகளின் சபையில் சிலருக்கு அது கிடைத்திருக்க வேண்டும். பெட்டிக்காரருக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கல்லூரியின் விண்ணப்பத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருக்காது.

போன வாரம் இன்னொரு பதிவு வந்தது. இரண்டு நிமிடம் நாலு நொடி. அதே பாட்டு, ரொம்பக் கீழே. ஒரு இடத்தில் குரல் பிளக்கிறது. நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போகிறான். முடித்துவிட்டு, "மாமா, நீங்க எத்தனை கட்டை?" என்று கேட்கிறான்.

ராத்திரி அறைக் கதவைச் சாத்திவிட்டு, போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் நிற்கவில்லை. ஒன்றரையில் கொஞ்சம் நின்றது. அவனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.